தணிகாவுக்கு எப்போது தலையணை?

கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் குணசுந்தரியின் வீடு வரும். அந்த வீட்டில் கொஞ்ச நாளாக ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டைக்குக் காரணமானவன் ஒன்றும் அறியாமல் புடவையில் கட்டிய ஏணையில் படுத்துக்கொண்டு, தன் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் தணிகாசலம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் குணசுந்தரியின் ஒரே தம்பி. அப்போதுதான் குப்புற விழக் கற்றுக்கொண்டிருந்தான்.

சண்டை அவனுடைய தலையைப் பற்றியது.

அதை ஆரம்பித்து வைத்தவர் அஞ்சம்மாள் அத்தை. குணாவின் அப்பாவுக்கு அக்கா. ஊத்துக்கோட்டையில் இருக்கிறார். பஸ்ஸில் திருவள்ளூர் வந்து, அங்கே ரயில் பிடித்து, ஒருநாள் காலையில் பெரிய பையோடு வந்து இறங்கினார். பைக்குள் ஒரு சின்னத் தலையணை இருந்தது. சிவப்புப் பூ போட்ட சீட்டித் துணியில் தைத்தது. தொட்டால் விரல் உள்ளே போய்விடும், அவ்வளவு மெத்து.

"எங்க ஊட்டுக் கொல்லையில காய்ச்ச இலவம் பஞ்சு" என்றார் அத்தை. "கொட்டை பொறுக்கி, வெயில்ல போட்டு, நானே தெச்சேன். இனிமே என் நைனா இதுலதான் தலைய வெக்கணும்."

"இப்பவேவா அண்ணி?" என்றாள் அம்மா மணியம்மாள்.

"பின்னே எப்போ? அவன் பின்மண்டையப் பாரு. தட்டு மாதிரி ஆயிகினு வருது. ஒரு வயசுல திருத்தணியில மொட்டை அடிக்கும்போது ஊரே சிரிக்கும்."

குணா ஓடிப்போய்த் தம்பியின் தலையைப் பார்த்தாள். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தட்டையாகத்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் உருண்டையாகத் தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் தலையாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் துலுக்காணம் மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ரயிலிலிருந்து இறங்கியதும் அக்கா வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அவர் தலையணையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இத யாரு வெச்சது? கழுத்து வளஞ்சு பூடும்க்கா! கொக்கு மாதிரி ஆயிடுவான். எடு முதல்ல!"

அம்மா எடுத்துவிட்டாள். மாமா போனதும் அத்தை திரும்ப வைத்தார். மறுநாள் மாமா வந்தார், அம்மா எடுத்தாள். அத்தை கொல்லைப்பக்கம் இருந்து வந்தார், அம்மா வைத்தாள். ஒரு சமயம் இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். பாவம், அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தணிகாவின் பாதித் தலையைத் தலையணையிலும் பாதித் தலையைப் பாயிலும் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டாள்.

"நீ சொல்லுப்பா, யார் சொல்றது சரி?" என்று அப்பாவிடம் கேட்டாள் குணா.

அப்பா பரசுராமன் மண்வெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஒரு பக்கம் அக்காவைப் பார்த்தார். இன்னொரு பக்கம் மைத்துனரைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றார். "வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும். நான் வரேன்."

குணாவுக்குத் தலை சுற்றியது. தலையணை வைத்தால் கழுத்து வளையுமாம். வைக்காவிட்டால் தலை தட்டையாகுமாம். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

அத்தை ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த மாசம் வருவேன். என் நைனா தலையணையில படுத்துகினு இருக்கிறத நான் கண்ணால பாக்கணும்."

பெரியவர்களுக்குள் முடிவாகாத விஷயத்தை வெளியே விசாரித்துப் பார்ப்பது என்று குணா தீர்மானித்தாள்.

முதலில் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் செல்லியம்மாளைக் கேட்டாள்.

"எங்க ஊட்ல எல்லாருக்கும் சேத்து ஒரே தலையணைதான்" என்றாள் செல்லி. "யாரு முதல்ல தூங்குறாங்களோ அவங்களுக்கு."

"உங்க பாப்பாவுக்கு?"

"அது எங்கம்மா கைமேல படுத்துக்கும். காலையில எங்கம்மாவுக்குக் கை மரத்துப்போயிடும். அப்புறம் நாஷ்டா பண்ணமாட்டாங்க. நாங்க பழையதுதான் துன்னணும்."

அடுத்து மளிகைக் கடை தேசப்பன் பெரியப்பா. உப்பு வாங்கப் போனபோது கேட்டாள்.

"பல்லு முளைக்கணும்" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"பல்லுக்கும் தலையணைக்கும் இன்னா பெரியப்பா சம்பந்தம்?"

"பல்லு வந்தா தலை கனமாயிடாதா? கனமான பொருளைக் கீழ வைக்கணும்னா அடியில ஏதாவது மெத்துன்னு போட்டுத்தானே வெப்போம்?"

வழியெல்லாம் குணா நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேற்று ஒரு கடைவாய்ப் பல் விழுந்திருந்தது. தலை லேசாகிவிட்டதா என்று ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அம்மை குத்த வந்திருந்த நர்ஸ் ஆரோக்கியமேரிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். படித்தவர். வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். தணிகாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அம்மாவோடு குணாவும் ஒட்டிக்கொண்டு போனாள்.

"சிஸ்டர், குழந்தைக்குத் தலையணை வெக்கலாமா?"

"இப்போ வேணாம்மா" என்றார் நர்ஸ்.

குணாவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "அப்போ எப்ப வெக்கலாம் சிஸ்டர்?"

நர்ஸ் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் தணிகாவின் கையில் ஊசி பட்டது. அவன் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த எல்லாக் குழந்தைகளும் அலற ஆரம்பித்தன. ஒரு பையன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். அவனைப் பிடிக்க அவன் அப்பா ஓடினார். நர்ஸின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை.

"இன்னாம்மா சொன்னாங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டாள் குணா.

"எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னாங்க" என்றாள் அம்மா.

"தலையணைக்கா?"

"கைக்குடி! ஊசி குத்துன இடத்துக்கு! சும்மா பேஜாரு பண்ணாத, நடடி."

சொன்னபடி அடுத்த மாதம் அத்தை வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் தணிகா ஏணையில் கிடக்க மறுத்துவிட்டான். எட்டிப் பார்த்துக் கீழே விழப் பார்த்தான். அதனால் பாயில்தான் போடுவார்கள். கொஞ்ச நேரம் உட்காரவும் செய்வான். பிறகு சாய்ந்துவிடுவான்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. அம்மா நாற்று நடுகிற இடத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"குணா, அத்தை பகல் வண்டிக்கு வந்துடுவாங்க. அவங்க வரும்போது தம்பிய அந்தத் தலையணையில படுக்க வெச்சிரு. இல்லேன்னா மனசு கஷ்டப்படுவாங்க. நான் கஞ்சிய குடுத்துட்டு ஓடி வந்துடுறேன்."

"மாமா வந்தா?"

"அவன் சாயங்காலம்தானே வருவான். அப்ப எடுத்துக்கலாம்."

குணா பாயை விரித்தாள். தலையணையை வைத்தாள். தணிகாவைப் படுக்க வைத்தாள். அவன் தலை தலையணையில் பாதி புதைந்தது. "ங்கா… ங்கா…" என்று கூரையோடு பேச ஆரம்பித்தான். குணா வாசல்படியில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் "ங்கா" நின்றுவிட்டது.

நல்ல பிள்ளை, தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். இரண்டு கல் பொறுக்கினாள். மூன்றாவது கல்லை எடுக்கும்போது கை நின்றது. தணிகா ஒருநாளும் அழாமல் தூங்கியதில்லையே! தூக்கம் வந்தால் வீடே அதிர அழுவானே!

திரும்பிப் பார்த்தாள்.

தணிகா குப்புற விழுந்திருந்தான். முகம் முழுக்கத் தலையணைக்குள் அமுங்கியிருந்தது. கால்கள் பாயை உதைத்துக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை.

முறம் எங்கே விழுந்தது என்று குணாவுக்குத் தெரியாது. ஒரே தாவல். தம்பியைத் தூக்கிவிட்டாள். தலையணை எகிறிப்போய் மூலையில் விழுந்தது. அவன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. குணாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஒரு நீண்ட மூச்சை இழுத்து, "வீ…ல்" என்று கத்தினான். ஓர் அழுகையைக் கேட்டு இத்தனை சந்தோஷம் அவளுக்கு இதுவரை வந்ததே இல்லை. தம்பியைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

அப்போது வாசலில் அத்தை நின்றார்.

அவர் பார்த்தது சிதறிக் கிடந்த அரிசியை. அழுகிற குழந்தையை. மூலையில் கிடந்த தலையணையை.

"இன்னாடி இது?" என்றார். "நான் ஆசை ஆசையா தெச்சத மூலையில கடாசிட்டீங்களா?"

குணா தம்பியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நான் இல்லாதப்போ இதான் நடக்குதா? நான் வரும்போது மட்டும் எடுத்து வெக்கிறதா?" அத்தை பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரமாக உட்கார்ந்துவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "எனக்குன்னு ஒரு புள்ள இருந்தா, நான் ஏன் இங்க எடுத்துகினு வரப்போறேன்."

அத்தை சத்தம் போட்டுத்தான் குணா கேட்டிருக்கிறாள். இப்படி மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. அவளுக்குப் பெரிய குழப்பம். நடந்ததைச் சொன்னால் அத்தையின் மனசு இன்னும் நோகும். சொல்லாவிட்டால் அந்தத் தலையணை மறுபடியும் தம்பியின் தலைக்குக் கீழே வந்துவிடும். எதைச் செய்தாலும் யாருக்காவது வலிக்குமே!

தணிகா அவள் தோளில் முகத்தைத் தேய்த்தான். சூடாக மூச்சு விட்டான்.

குணா மூலைக்குப் போய்த் தலையணையை எடுத்து, தூசி தட்டி, பாயில் வைத்தாள்.

"அத்தே, நீ கொஞ்சம் படு."

"இன்னாது?"

"இதுல குப்புற படு அத்தே. மூஞ்சிய அதுல வெச்சி அமுக்கு."

"பைத்தியமாடி உனக்கு? ரயில்ல வந்த மனுசியப் பாத்து…"

"ஒரே ஒரு வாட்டி அத்தே. எனக்கோசரம்."

அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த அத்தை, முணுமுணுத்துக்கொண்டே பாயில் படுத்து முகத்தைத் தலையணையில் புதைத்தார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு சட்டென்று எழுந்து இருமினார்.

"யம்மா! மூச்சே உட முடியல!"

"தணிகாவுக்கும் அப்டிதான் ஆச்சு அத்தே" என்றாள் குணா. "இப்பதான். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நான்தான் தலையணையில படுக்க வெச்சேன். நீ பாத்து சந்தோஷப்படணும்னு."

அத்தை தலையணையைப் பார்த்தார். தணிகாவைப் பார்த்தார்.

"எனக்காவது தலையைத் தூக்கத் தெரியும்" என்றார். இரண்டு கைகளையும் நீட்டினார். குணா தம்பியைக் கொடுத்தாள். அத்தை அவன் நெற்றியில், மூக்கில், கன்னத்தில் எல்லாம் கை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

அம்மா ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டதும் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். "வெக்கச் சொன்னது நான்தான் அண்ணி. குழந்தையை உட்டுட்டு உங்க மனசையே நெனச்சுகினு இருந்துட்டேன்" என்றாள். குணாவை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அத்தை தலையணையை எடுத்துப் பைக்குள் திணித்தார்.

"எடுத்துகினு போயிடுறேன். கண்ணுல பட்டாலே பயமா கீது. புள்ள வளத்தவளா நானு? எனக்கு இன்னா தெரியும்?"

குணாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. எவ்வளவு ஆசையாகத் தைத்தது! இலவங்காயை உடைத்தால் பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் வருமே. தும்மித் தும்மி எத்தனை காய் உடைத்தாரோ!

அந்த நேரம் பார்த்து, அத்தை பாயில் இறக்கி உட்கார வைத்திருந்த தணிகா ஆடினான். இந்தப் பக்கம் ஆடினான், அந்தப் பக்கம் ஆடினான், 'டொக்' என்று பின்னால் சாய்ந்து தரையில் தலை இடித்துக்கொண்டான். மறுபடி ஓர் அழுகை.

குணா அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். ஒரு நொடி யோசித்தாள். அத்தையின் பையிலிருந்து தலையணையை உருவி அவன் முதுகுக்குப் பின்னால் போட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தணிகா ஆடினான். சாய்ந்தான். 'பொத்!'

அழுவதற்காக வாயைக் கோணினான். வலிக்கவில்லை. ஆச்சரியமாகக் கூரையைப் பார்த்தான். குணா தூக்கி உட்கார வைத்தாள். இந்தத் தடவை அவனே வேண்டுமென்று சாய்ந்தான். 'பொத்!' கெக்கெக்கே என்று சிரித்தான்.

"அடி என் தங்கமே!" என்று அத்தை கை தட்டினார். "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டிடா நைனா!"

தணிகா களைத்துப்போகும் வரைக்கும் விழுந்தான். தூக்கம் வந்ததும் குணா தலையணையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். வெறும் பாயில், மல்லாக்க, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு அவன் தூங்கினான்.

சாயங்காலம் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டு, "நான்தான் அப்பவே வேணாம்னு சொன்னேனே!" என்றார்.

"நீ கொக்கு கழுத்துன்னுதானே சொன்னே?" என்றார் அத்தை. "மூச்சு முட்டும்னு சொன்னியா?"

மாமா டீயைக் குடிக்க ஆரம்பித்தார். பாதி குடித்துவிட்டு, "சரி, அப்போ எப்பதான் வெக்கிறது?" என்றார்.

மறுபடியும் ஆரம்பித்தது. மொட்டை அடித்த பிறகு என்றார் அத்தை. நடக்க ஆரம்பித்த பிறகு என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் போகும்போது என்றார் மாமா. அப்பா மண்வெட்டியைத் தேடினார்.

"குணா, நீ சொல்லு" என்றார் அத்தை திடீரென்று. "நீதானே அவனோடவே கீற."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கும் தெரியல அத்தே" என்றாள் குணா. "எல்லாரையும் கேட்டுட்டேன். ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. நான் அவனையே பாத்துகினு இருக்கேன். வேணும்னா அவனே கேப்பான்."

"பேச்சு வராதவன் எப்படிடி கேப்பான்?" என்றார் மாமா.

"பசிச்சா கேக்குறான் இல்ல?"

மாமா மீதி டீயைக் குடித்தார்.

ஒரு வயது நிறையும் முன்னே திருத்தணியில் மொட்டை அடித்தார்கள். சந்தனம் பூசிய தலையை எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். விளாம்பழம் மாதிரி உருண்டை என்றார் அப்பா. பின்னால் லேசாகத் தட்டை என்றார் மாமா. முன்னால்தான் தட்டை என்றாள் கூட வந்திருந்த செல்லியம்மாள். மொட்டை அடித்தவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாத் தலையும் ஒவ்வொரு மாதிரிதான்மா இருக்கும். முடி வந்து மூடிக்கும்."

குணா பார்த்துக்கொண்டே இருந்தாள். தணிகாவுக்குப் பல் முளைத்தது. நடந்தான். ஓடினான். அந்தத் தலையணையின் மேல் ஏறி உட்கார்ந்து மாட்டுவண்டி ஓட்டினான். அதன் மேல் சோறு சிந்தினான். அதன் சிவப்புப் பூக்களுக்குப் பொட்டு வைத்தான். ஆனால் தலை மட்டும் வைக்கவே இல்லை. சும்மா வைத்துப் பார்த்தாலும் நழுவிப் பாய்க்கு வந்துவிடுவான். சரி, இன்னும் வேளை வரவில்லை என்று குணா எடுத்துவிடுவாள். கடைக்குப் போகும்போதெல்லாம் தேசப்பன் பெரியப்பா, "எல்லாப் பல்லும் வந்துருச்சே, இன்னுமா?" என்பார்.

தணிகாவுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பொங்கல் முடிந்து அத்தை வந்திருந்தார். ஊருக்குத் திரும்புகிற அன்று மத்தியானம் சாப்பிட்டார். பையைக் கட்டி வாசலில் வைத்தார்.

"வண்டிக்கு இன்னும் நேரம் கீது. செத்த நேரம் தலைய சாய்க்கிறேன்" என்று பாயில் படுத்தார். கைக்கு அகப்பட்டது அந்தச் சின்னத் தலையணைதான். அதையே தலைக்கு வைத்துக்கொண்டார்.

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த தணிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே வந்தான். குணா மடியைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் போகவில்லை. நேரே அத்தையிடம் போனான். "தள்ளு" என்றான். அத்தை நகர்ந்தார். அவன் பக்கத்தில் படுத்து, தலையணையின் ஓரத்தில் தலையை வைத்தான். சரியாக இல்லை. எழுந்து, பூப் போட்ட இடத்தைக் கையால் தட்டி அமுக்கிவிட்டு மறுபடி வைத்தான். இப்போது சரியாக இருந்தது போலிருக்கிறது. பெருமூச்சு விட்டான். கண்ணை மூடினான்.

அத்தை அசையவே இல்லை. கண்களை மட்டும் திருப்பிக் குணாவைப் பார்த்தார். குணா மெல்ல வந்து தம்பியின் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. தலையைத் தானே ஒருபக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

மணவூர்ப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது.

"அத்தே, வண்டி!" என்று கிசுகிசுத்தாள் குணா.

"போவட்டும்டி" என்று அதைவிட மெதுவாகச் சொன்னார் அத்தை. "நான் தலையைத் தூக்கினா தலையணை ஆடும். புள்ள முழிச்சிக்குவான்."

ரயில் வந்தது. நின்றது. புகை விட்டுக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போயிற்று. அத்தை அன்று ஊருக்குப் போகவே இல்லை.